பெட்ரோலைப் பார்த்தால்தான் ஓடும் வண்டி

அந்த மெக்கானிக் குற்றவாளி இல்லை என்று நம்பிய ஒரே ஆள் அவனுடைய மனைவி. அவனே அப்படி நம்பவில்லை என்பதுதான் வழக்கின் பெரிய சிக்கல்.

“வாயே திறக்க மாட்டேங்கறாரு டீச்சர். ‘நீ எதுவும் தப்பு பண்ணலைன்னு சொல்லுய்யா’ன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சறேன். தரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு” என்றாள் அவள். ஒர்க் ஷாப்பின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே சுவரில் யாரோ கரியால் ‘கொலைகாரன்’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் தண்ணீர் ஊற்றித் தேய்த்ததில் எழுத்து இன்னும் பெரிதாகப் பரவியிருந்தது.

டீச்சர் தலையசைத்தார். பெண்கள் பள்ளியில் வெகுகாலம் அறிவியல் நடத்திவிட்டு, வேலையை விட்டபின் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. போலீஸ்காரர்கள்கூட டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் நிற்கும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

அவருடைய உதவியாளன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வர முயன்று நெற்றியை இடித்துக்கொண்டான். ஆளின் உயரமும் ஒல்லியும் தலைமுடியின் கோலமும் சேர்ந்து அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கித் தந்திருந்தன. கூப்பிடச் சோம்பல்பட்டு ஊர் அதை ஒட்டடையாகக் குறைத்துவிட்டது.

“கேஸ் எப்படி டீச்சர்? தேறுமா?” என்றான், நெற்றியைத் தடவியபடி.

“தேறாது போலத்தான் இருக்கு.”

“அப்பாடா. தேறும்னு சொன்ன கேஸ் எல்லாம் நம்மள ஏமாத்தியிருக்கு.”

நடந்தது இதுதான். ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தவன் காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினான். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி பொட்டென்று நின்றது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. பைண்டர் அங்கேயே இறந்துபோனான். லாரி டிரைவர்மேல் தவறில்லை என்று பாலத்தில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். பைண்டரின் மைத்துனன், அதாவது அவன் மனைவியின் அண்ணன், ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தான். அந்த வண்டி முன்பும் பல தடவை நின்றிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இந்த மெக்கானிக்தான் எதையாவது கழற்றி எதையாவது மாட்டினான், புதுசு என்று சொல்லிப் பழைய பார்ட்டை மாட்டி ஏமாற்றியதால்தான் உயிர் போயிற்று என்பது புகார். அன்று மாலையே மெக்கானிக் உள்ளே போய்விட்டான்.

“அவர் மாட்டினதெல்லாம் புதுசுதானா?” என்று டீச்சர் கேட்டார்.

“டப்பாவைப் பிரிச்சுக் கொடுத்ததே நான்தான். பிளக், காயில், கார்புரேட்டர், பெட்ரோல் குழாய் எல்லாத்தையும் மாத்தியாச்சு. வண்டி கேக்கல.”

“கழட்டின பழசு எங்கே?”

மெக்கானிக்கின் மனைவி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு எல்லாம் உள்ளே கிடந்தன. டீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஒட்டடையின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பைண்டர் வைத்திருந்த அதே ரகம்தான்.

ஒட்டடைக்குப் புரிந்துவிட்டது. “வேணாம் டீச்சர். கையெழுத்து வாங்காம ஆபரேஷன் பண்றது சட்டப்படி தப்பு.”

“ஒண்ணு ஒண்ணா மாட்டுவோம். ஒவ்வொரு தடவையும் பஸ் டெர்மினஸ் வரைக்கும் போய்த் திரும்பி வா. எஞ்சின் நல்லா சூடாகணும்.”

“மாட்டறது யாரு?”

“நான்” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தே பழகியவள், அதைத் திருப்பவும் பழகியிருந்தாள்.

மத்தியானம் வரை அதுதான் நடந்தது. பழைய பிளக்கோடு போனான், வந்தான். பழைய காயிலோடு போனான், வந்தான். பழைய பெட்ரோல் குழாயோடு போனான், வந்தான். கார்புரேட்டரை மாட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. அதோடும் போய் வந்தவன், இறங்கி வண்டியின் சீட்டைத் தட்டிக்கொடுத்தான். “முன்னைவிட நல்லா ஓடுது டீச்சர். பேசாம இதையே வச்சுக்கலாமா?”

மெக்கானிக்கின் மனைவி முகம் சுருங்கியது. “அப்படின்னா இதெல்லாம் கெட்டுப்போகவே இல்லையா?”

“ஒண்ணுகூட இல்லம்மா. உன் வீட்டுக்காரர் கழட்டினது எல்லாமே நல்ல பார்ட். மாட்டினதும் நல்ல பார்ட். கெட்டது எதுவோ அது கடைசி வரைக்கும் வண்டியிலேயே இருந்திருக்கு.”

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது ஆறுதலாகவே இல்லை. “அவர் ஏமாத்தலை, ஆனா கண்டுபிடிக்கவும் இல்ல. அப்படித்தானே?”

டீச்சர் பழைய பிளக்கை மரப்பெட்டிக்குள் திரும்பப் போட்டார். “கழட்டி மாட்டினதும் ஓட்டிப் பாப்பாரா?”

“பாக்காம கொடுக்க மாட்டாரு. ஒரு ரவுண்டு தெருமுனை வரைக்கும் போவாரு. கிளம்புறதுக்கு முன்னாடி பெட்ரோல் இருக்கானு பாத்துட்டுத்தான் போவாரு. இங்க ஓட்டினப்ப அது ஒரு நாளும் நின்னதில்ல. அதான் டீச்சர் எங்களுக்குப் பிடிபடவே இல்ல.”

---

அச்சகத்தில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பைண்டரின் மேஜையில் பாதி தைத்த புத்தகங்கள் அப்படியே இருந்தன. ஊசி நூலோடு தொங்கியது. யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை.

மெஷின்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பைண்டரோடு நெடுநாள் பழகியவன். கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்துச்சுங்க. வர்ற வழியில எங்கயாச்சும் நிக்கும். வீட்டுப் பக்கத்துல நிக்காது, பாதி தூரம் தாண்டித்தான் நிக்கும். இவன் உதைச்சுப் பாப்பான், ஒண்ணும் நடக்காது. அப்புறம் பெட்ரோல் தீந்துபோச்சோன்னு மூடியைத் திறந்து எட்டிப் பாப்பான். பெட்ரோல் நிறைய இருக்கும். மூடிட்டு உதைச்சா, ஒரே உதையில ஓடும்.”

டீச்சரின் கை, கன்னத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. “எட்டிப் பாக்காம உதைச்சா?”

“ஓடாது. பின்னாடி உக்காந்து போயிருக்கேன், நானே பாத்திருக்கேன். ‘உன் முகத்தைப் பாக்காம வண்டி வரமாட்டேங்குதுடா’ன்னு இங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். வேலைக்கு உள்ள நுழையும்போதே, ‘என்ன, இன்னிக்கு தரிசனம் கொடுத்தியா’ன்னு கேப்போம்.”

“இதை அவர் மெக்கானிக்கிட்ட சொன்னாரா?”

“சொல்லியிருக்க மாட்டான். நாங்க சிரிச்ச சிரிப்புல… வெளிய சொல்ல வெக்கப்பட்டிருப்பான். ‘வண்டி நிக்குது’ன்னு மட்டும்தான் சொல்லியிருப்பான்.” அவன் திரும்பி இயந்திரத்தைப் பார்த்தான். “ஏங்க, அது முக்கியமா?”

“மூடியைத் திறக்கும்போது ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?”

“புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். யாரோ உள்ளேர்ந்து மூச்சை இழுக்கற மாதிரி.”

வெளியே வந்ததும் ஒட்டடை கேட்டான். “பேயா டீச்சர்? பேய்னா சொல்லிடுங்க. நான் சம்பளத்தைக்கூட கேக்காம போயிடறேன்.”

“வீட்டுல எண்ணெய் டின் பிரிச்சிருக்கியா?”

“பிரிச்சிருக்கேன்.”

“ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் என்ன பண்ணும்?”

“சிணுங்கும். சொட்டுச் சொட்டா வரும், அப்புறம் நின்னுடும். இன்னொரு ஓட்டை போட்டாத்தான்…” அவன் நடையை நிறுத்தினான். “காத்து உள்ள போகணும்.”

“பெட்ரோல் டேங்குக்கும் அதேதான். மூடியில பொடி ஓட்டை ஒண்ணு இருக்கும். பெட்ரோல் கீழ இறங்க இறங்க அது வழியா காத்து உள்ள போகும். அந்த ஓட்டை அடைச்சிருந்தா கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் பெட்ரோல் இறங்காம நின்னுடும். மூடியைத் திறந்தா காத்து புகுந்துடும். மறுபடி ஓடும்.”

“மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் பெட்ரோலைப் பாத்துட்டுத்தான் ஓட்டினாரு” என்றான் ஒட்டடை மெதுவாக. “அவரே மருந்தைக் கொடுத்துட்டு, நோய் எங்கன்னு தேடியிருக்காரு.”

“பாலத்துல மூடியைத் திறக்கறதுக்கு பைண்டருக்கு நேரம் கிடைக்கல” என்றார் டீச்சர்.

---

ஸ்டேஷனின் பின்கட்டில் நசுங்கிய வண்டி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்சக்கரம் எட்டு போல மடங்கியிருந்தாலும் டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து மூடியின் மேல் குனிந்தார். இன்ஸ்பெக்டரும் குனிந்தார். இரண்டு தலைகளுக்கும் மேலே ஒட்டடை நிமிர்ந்தபடியே பார்த்தான்.

ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. தூசி ஒட்டினால் அப்படி வழுவழுப்பாக இருக்காது. யாரோ விரல் நுனியால் அழுத்தி, தடவிச் சமப்படுத்தியிருந்தார்கள். கல் மாதிரி இறுகியிருந்தது.

“இது தானா அடைச்சுக்கிட்டது இல்ல” என்றார் டீச்சர்.

சோதித்துப் பார்க்காமல் ஒன்றும் எழுத முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். அந்த மூடி ஒட்டடையின் வண்டிக்கு மாறியது. ஸ்டேஷனுக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் அணிவகுப்புப் பழகும் மைதானம் இருந்தது. வேறு வண்டி எதுவும் வராத அந்த மைதானத்தில் ஒட்டடை சுற்ற ஆரம்பித்தான். ஒரு கான்ஸ்டபிள் மதில்மேல் உட்கார்ந்து சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றினான், சுற்றினான். கான்ஸ்டபிளுக்குக் கொட்டாவி வந்தது. ஒட்டடை ஒவ்வொரு முறையும் அவர்களைக் கடக்கும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போனான். “சர்க்கஸ்லகூட இவ்வளவு சுத்த விடமாட்டாங்க!” என்பது மட்டும் காதில் விழுந்தது.

திடீரென்று எஞ்சின் இருமியது. இன்னொரு இருமல். வண்டி தள்ளாடி நின்றது.

ஒட்டடை உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மூடியைத் திருகித் திறந்தான். புஸ். மூடியை மூடி, ஒரே ஒரு உதை உதைத்தான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவர்களிடம் வந்து இறங்கியவன் முகத்தில் கிண்டல் இல்லை. “இருமறதுக்கு முன்னாடி ஒரு அறிகுறியும் இல்ல டீச்சர். பாலத்துல இப்படி நின்னா…”

இன்ஸ்பெக்டர் சாம்பல் நிறப் பசையைச் சாவி முனையால் சுரண்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “இது குழாய் அடைக்கற பசை. புகார் கொடுத்த மைத்துனன் என்ன தொழில் பண்றான் தெரியுமா? ப்ளம்பர்! தங்கச்சி கல்யாணமே அவனுக்குப் பிடிக்கல. ‘உன்னை உருப்பட விடமாட்டேன்’னு மாப்பிள்ளை சட்டையைப் பிடிச்சிருக்கான், தெருவே பாத்திருக்கு. பழியை மெக்கானிக் தலையில போட்டுட்டு நம்மகிட்டயே வந்து அழுதிருக்கான் பாருங்க. ஜீப்பை எடுக்கச் சொல்றேன்.”

“கொஞ்சம் பொறுங்க” என்றார் டீச்சர். “மெக்கானிக்கைக் கழட்டிட்டு ப்ளம்பரை மாட்டறதுக்கு அவசரம் என்ன? முதல்ல கேட்டுப் பாத்துடறேன்.”

அப்படிச் சொன்னாரே தவிர, டீச்சர் மனதிலும் சந்தேகம் இருக்கவில்லை. ப்ளம்பர்தான் என்று அவரும் முடிவுகட்டியிருந்தார்.

---

அது ஒரே அறையும் சமையலறையும் கொண்ட வீடு. வாசலை ஒட்டிய அந்த அறையில்தான் பைண்டர் இரவில் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்துவானாம். தெருவில் விட்டால் திருட்டுப் போய்விடும். தரையில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே பாயில் பாப்பா உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது அதன் நெஞ்சில் மெல்லிய விசில் கேட்டது.

ப்ளம்பர் கதவுக்குக் குறுக்கே நின்றான். கனத்த ஆள். “என்ன விஷயம்? அந்த ஆளுக்காகப் பேச வந்தீங்கன்னா, வந்த வழியே போயிடுங்க.”

டீச்சர் ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். சுரண்டி எடுத்த பசைத் துணுக்கு அதில் இருந்தது. “இது என்னன்னு தெரியுதா?”

“குழாய் பசை. இந்த ஊர்ல பாதிக் குழாயில இதுதான் இருக்கு.”

“மோட்டார் சைக்கிள் பெட்ரோல் மூடியிலயும் இருக்கு” என்றான் ஒட்டடை. “அங்க எந்தக் குழாய் ஒழுகிச்சுன்னு கேக்கத்தான் வந்தோம்.”

ப்ளம்பரின் கழுத்து நரம்பு புடைத்தது. “என்ன சொல்ல வர்றே? நான் மச்சானைக் கொன்னேன்னா? அவனோட பேசாம இருந்தேன், உண்மை. சட்டையைப் பிடிச்சேன், அதுவும் உண்மை. பாப்பா பொறந்ததும் இதே வாசல்ல வந்து நின்னேன். ‘உள்ள வாங்க மச்சான்’னு அவன்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். அந்தக் கையை நானா…”

“உங்க பையிலேர்ந்துதான் இந்தப் பசை வந்திருக்கு” என்றார் டீச்சர்.

“வரல! நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்ல!”

“அண்ணா, ஏன் கத்தறே? பாப்பா பயப்படுது பாரு.”

பைண்டரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் பாப்பாவின் மருந்துக் கரண்டி இருந்தது. அழுது ஓய்ந்த முகம். காகிதத்தில் இருந்ததை எட்டிப் பார்த்தாள்.

“அந்தப் பசையா? அது நான்தான் எடுத்தேன். உன் பையில இருந்துச்சு, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.” டீச்சரிடம் திரும்பினாள். “பாப்பாவுக்கு இழுப்பு வந்தப்ப டாக்டர் எந்த வாடையும் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. ராத்திரி வண்டி உள்ள நிக்குமா, ரூம் பூரா பெட்ரோல் வாடை. எங்கேர்ந்து வருதுன்னு மோந்து பாத்தேன். மூடியில ஊசி குத்தின மாதிரி ஓட்டை. வண்டி பழசாயி ஓட்டை விழுந்துடுச்சு போலன்னு, துளி பசையை வச்சு அடைச்சுட்டேன். வாடை நின்னுடுச்சு. பாப்பாவும் தூங்க ஆரம்பிச்சா.”

பாப்பா கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் புரிந்தது ப்ளம்பருக்குத்தான். தண்ணீர்த் தொட்டிக்குக் காற்றுக்குழாய் வைக்காவிட்டால் குழாயில் தண்ணீர் இறங்காது என்பதை வீடு வீடாகச் சொல்லிப் பிழைப்பவன் அவன். அவன் கண்கள் காகிதத்திலிருந்து தங்கைக்குப் போயின, அங்கிருந்து டீச்சருக்கு வந்தன. அவ்வளவு பெரிய ஆள் ஒரே நொடியில் சிறுத்துப்போனான்.

“நான்தான் அடைச்சேன்” என்றான்.

“என்னண்ணா?”

“நீ சும்மா இரு. டீச்சர், நான்தான் பண்ணேன். அவன்மேல இருந்த கோவத்துல பண்ணேன். வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்.” அவன் செருப்பைக் காலால் தேடினான். கண்ணில் தண்ணீர் நிறைந்து வழி தெரியவில்லை. “இப்பவே போகலாம். வாங்கன்னு சொல்றேன்ல.”

“ஏண்ணா பொய் சொல்றே? நான்தானே அடைச்சேன்!” அவள் குழம்பிப்போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். “அதனால என்ன? ஒரு ஓட்டையை அடைச்சா என்ன?”

ஒட்டடை தரையைப் பார்த்தான்.

டீச்சருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ப்ளம்பர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டிவிடலாம். மெக்கானிக் வெளியே வருவான், இவன் உள்ளே போவான், இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகும். கணவனை அண்ணனே கொன்றான் என்று நம்பிக்கொண்டு இவள் அந்தக் குழந்தையை வளர்ப்பாள். அப்படியும் ஒருத்தி வாழ்ந்துவிட முடியும் என்று ப்ளம்பர் நினைத்தான். இன்னொரு வழி, உள்ளதை இவளிடமே சொல்லிவிடுவது.

“ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தரைக் கூட்டிட்டுப் போக நான் வரலப்பா” என்றார் டீச்சர். அவர் பாயில் உட்கார்ந்தார். பைண்டரின் மனைவியையும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “நீங்க எப்போம்மா அடைச்சீங்க?”

“மழை ஆரம்பிச்சப்போ.”

வண்டி முதல் தடவை ஒர்க் ஷாப்புக்கு வந்ததும் மழை ஆரம்பித்தபோதுதான் என்று மெக்கானிக்கின் மனைவி சொல்லியிருந்தாள்.

“அந்த ஓட்டை தானா விழுந்தது இல்லம்மா. வண்டி செய்யும்போதே அதை வைப்பாங்க. டேங்குக்குள்ள காத்து போறதுக்கு. காத்து போகலைன்னா பெட்ரோல் இறங்காது.”

“இறங்கலைன்னா?”

“வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் நின்னுடும்.”

“நின்னுடும்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வது போல இருந்தது. மருந்துக் கரண்டி கையிலேயே இருந்தது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவள் மடியில் சிந்தியது.

“அவர்கிட்டகூட சொல்லல” என்றாள் பிறகு. “ஒரு நாள் காலையில வண்டியை வெளிய இறக்கும்போது, ‘என்னடி, இப்பல்லாம் வாடையே இல்ல’ன்னாரு. நான் சிரிச்சேன். அடுத்த வாரம், ‘வண்டி நின்னு நின்னு போகுது’ன்னாரு. ‘அந்த மெக்கானிக் சரியில்ல, ஆளை மாத்துங்க’ன்னு நான்தான் சொன்னேன்.”

ப்ளம்பர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

---

இன்ஸ்பெக்டர் எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. எழுதியதை இரண்டு தடவை அடித்துத் திருத்தினார். “இதுல யார்மேல என்ன கேஸ் போடறதுன்னு எனக்குத் தெரியல டீச்சர்” என்றார் கடைசியில். “யார்மேலயும் போட முடியாது. அவனை விட்டுடறேன்.”

மெக்கானிக்கின் மனைவி செய்தி கேட்டு ஓட்டமாக ஓடிவந்தாள். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நான் சொன்னேன்ல! அவர் தப்பு பண்ணலைன்னு சொன்னேன்ல! அந்தக் குடும்பம் மட்டும் என் கண்ணுல படட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி…”

டீச்சர் அவள் தோளைத் தொட்டு வராந்தாவின் ஓரத்தைக் காட்டினார். பெஞ்சில் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததை டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். மெக்கானிக்கின் மனைவி கொண்டுவந்த நாலு கேள்வியும் அவளிடமே நின்றுவிட்டன. போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்று ஓர் அடி வைத்தாள். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் வெளியே வந்தான். தாடி மண்டியிருந்தது. மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் அவளைத் தாண்டி டீச்சரைப் பார்த்தான். பல நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தான்.

“என்ன கோளாறு?”

“மூடி” என்றார் டீச்சர். “காத்து ஓட்டை அடைச்சிருந்தது.”

அவன் கண்ணை மூடினான். எஞ்சின், டேங்க், குழாய் என்று மனதுக்குள் ஒரு முறை முழு வண்டியையும் கழற்றிப் பூட்டியிருப்பான். திறந்தபோது கண் சிவந்திருந்தது. பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றதைப் பார்த்தான்.

“உங்களால கண்டுபிடிச்சிருக்க முடியுமா?” என்று அவள் கேட்டாள். குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருந்தது. முடியாது என்று அவன் சொல்லிவிட்டால் போதும் என்பது போலவும் இருந்தது.

அவன் மனைவி அவன் கையை இறுக்கினாள். சொல்லாதே என்றது அந்தப் பிடி.

“முடியும்மா” என்றான். “வண்டி நிக்குதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்க நிக்குது, எப்போ நிக்குது, நின்னா எப்படிக் கிளப்புறீங்கன்னு நான் ஒரு தடவை கேட்டிருந்தா போதும். கேக்கல. அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள நான் ஸ்பேனரைத் தூக்கிட்டேன்.”

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள். பாப்பா தோளில் தூங்கிப்போயிருந்தது. படியிறங்கி நடக்கத் தொடங்கினாள்.

ப்ளம்பர் தன் மோட்டார் சைக்கிளை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். “உக்காரும்மா. வீடு ரொம்ப தூரம்.”

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். அவன் சாவியைத் திருகி எடுத்துப் பையில் போட்டான். அந்தக் கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் பின்னால் நடந்தான். மற்ற வண்டிகள் ஹாரன் அடித்து அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கடந்தன.

ஒட்டடை டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“வேணாம்” என்றார் டீச்சர்.

தெருக்கோடியில் அந்த இருவரும் திரும்பி மறையும் வரை அவர்கள் படியிலேயே நின்றார்கள்.